பெயர் சுட்டாத அவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஓர் இலக்கிய வட்டத்தைத் தொடங்குவது எளிது. தொடர்ந்து பத்து ஆண்டுகள் கூடுவது அரிது. அந்த அரிய செயலைச் செய்து முடித்திருக்கும் உங்களை முதற்கண் வாழ்த்துகிறேன். மனிதர்கள் கூடிப் பேசும் குழுக்கள் எவ்வாறு தோன்றி வளர்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருக்கும் குழு உங்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம். காதலில் அகப்பட்டு, வழி தெரியாமல் நிற்பவர்கள், முன்பின் அறியாதவர்களிடம் யோசனை கேட்கும் குழு அது. இன்று கணினித் திரையிலும் கைப்பேசியிலும் இலட்சக்கணக்கானோர் இவ்வாறு கூடுகிறார்கள். இது நேற்றுப் பிறந்த பழக்கம் அன்று. முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றில் கவிஞர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே இந்த அவையில் இதைப் பேசுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

அகத்திணை பயின்ற நமக்கு இப்பொருளைத் திறக்கும் இரண்டு திறவுகோல்கள் முன்னமே கையில் இருக்கின்றன. முதலாவது, பெயர் சுட்டாமை. அன்பின் ஐந்திணையில் எவரையும் இயற்பெயரால் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. இது எவ்வளவு கண்டிப்பான நெறி என்பதற்கு நெடுநல்வாடையே சான்று. தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரைப் பாடும் பாட்டு அது. ஆயினும் வேலின் தலையில் வேம்பு சூட்டிய குறிப்பு ஒன்று இடையே வந்து பாண்டியனைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த ஒரு குறிப்புக்காகவே அதனைப் புறம் என்றார் நச்சினார்க்கினியர். பெயர் தெரிந்த அளவில் ஒருவருடைய காதல் அவருடைய வரலாறாகிவிடுகிறது. பெயர் தெரியாதவரை அது கேட்பவர் எவருடைய காதலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது திறவுகோல் தோழி. காதலில் யோசனை சொல்பவள் எப்படி இருக்க வேண்டும் என்று உலக இலக்கியத்தில் இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்த மரபு வேறு உண்டா என்று நான் வியப்பதுண்டு. தலைவன் வந்து குறையிரந்தவுடன் அவள் இசைவதில்லை, சேட்படுத்துகிறாள். அவன் உள்ளம் உண்மையானது என்று தெரிந்த பின்னரே தலைவியிடம் அவனுக்காகப் பேசுகிறாள். களவு நீள்வதைக் கண்டால் வரைவு கடாவுகிறாள். தலைவிக்கு வேற்றுமணம் நெருங்கினால் அறத்தொடு நின்று செவிலியிடம் உண்மையை உரைக்கிறாள். ஒவ்வொரு படியிலும் அவள் சொல்லும் சொல்லுக்கு விளைவு உண்டு. அந்த விளைவில் அவளுக்கும் பங்கு உண்டு. தலைவியின் கண்ணீர் அவள் மடியில்தான் விழும்.

பெயர் மறைந்திருத்தல், தோழியின் பொறுப்பு ஆகிய இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு, 17-ஆம் நூற்றாண்டின் இலண்டனுக்குச் செல்வோம். நம் மரபுக்கும் அந்நகரில் நிகழ்ந்ததற்கும் கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை. மனிதருடைய தேவை ஒன்றாக இருக்கும்போது, தொடர்பே இல்லாத இரண்டு இடங்களில் ஒரே வகை வழி பிறப்பதுண்டு. அந்த அளவில்தான் நான் ஒப்பிடுகிறேன்.

1691-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜான் டன்டன் என்ற புத்தக வணிகர் ஓர் இதழைத் தொடங்கினார். சில நாள்களில் ‘ஏதீனியன் மெர்க்குரி’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஒரு தாள், இரண்டு பக்கம்; அவ்வளவே இதழ். வாசகர்கள் கேள்வி அனுப்புவார்கள்; ‘ஏதன்ஸ் கழகம்’ விடை சொல்லும். கேட்பவர் யார் என்பது வெளிப்படாது என்பதே இதழின் வாக்குறுதி. 1680-இல் வில்லியம் டாக்ரா இலண்டனில் ஏற்படுத்திய பென்னி அஞ்சல், ஒரு பென்னிக்கு நகரின் எந்த மூலையிலிருந்தும் கடிதத்தைக் கொண்டு சேர்த்தது. கடிதங்கள் வந்து சேர்ந்த இடம் ஒரு காப்பிக் கடை. எழுதியவரின் முகம் எவருக்கும் தெரியாது. மலிவான அஞ்சலும், பலர் கூடும் காப்பிக் கடையும், அச்சுப் பொறியும் ஒன்றுசேர்ந்த இடத்தில் இந்த அவை பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

கேள்விகள் பலவகை. இயற்கையைப் பற்றிக் கேட்டவர்களும் இறையியலைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. அவற்றுக்கிடையே காதல் பற்றிய கேள்விகள் பெருகிவந்தன. வாக்குக் கொடுத்தபின் மனம் மாறலாமா, பெற்றோர் இசைவின்றி மணக்கலாமா என்பன போன்ற கேள்விகள் அவை. இதழ் வருவதற்கு முன் இத்தகைய கேள்விகளை ஒருவர் தம் பாதிரியாரிடமோ குடும்பப் பெரியவரிடமோதான் கேட்டிருக்க முடியும். கேட்டால் வெட்கம், கேளாவிட்டால் தவிப்பு. அந்த இடைவெளியில்தான் டன்டனின் இதழ் நுழைந்தது. பெண்களின் கேள்விகளையும் அது வரவேற்றது.

பெரிய பெரிய அறிஞர்கள் நிறைந்த ஒரு கழகம் விடையளிக்கிறது என்று வாசகர்கள் நம்பினார்கள். உண்மையில் அந்தக் கழகத்தில் இருந்தவர்கள் மூவர்: டன்டன், கணித அறிஞர் ரிச்சர்டு சால்ட், டன்டனின் சகலையும் கவிஞரும் மதகுருவுமான சாமுவேல் வெஸ்லி. மெய்யியலாளர் ஜான் நாரிஸ் அவ்வப்போது உதவினார். ஆக, கேட்டவர்களுக்கு மட்டுமல்லாமல் விடை சொன்னவர்களுக்கும் முகமூடி இருந்தது. இதனை நாம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கவிஞர்களாகிய உங்களுக்கு உரிய செய்தி இனி வருகிறது. இந்தக் கேள்வி-பதில் தாளுக்குக் கவிதைகளும் வரத் தொடங்கின. பெயர் வெளியிடாத ஓர் இளம்பெண் தொடர்ந்து கவிதை அனுப்பினாள். அவள்தான் பின்னாளில் ஆங்கில இலக்கியத்தில் எலிசபெத் ரோ என்று அறியப்பட்ட எலிசபெத் சிங்கர். 1696-இல் அவளுடைய முதல் தொகுப்பை டன்டனே ‘ஃபிலோமெலா’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்டின் முதன்முதலாக அச்சேறிய கவிதையும் இந்தக் கழகத்தைப் புகழ்ந்து 1692-இல் எழுதிய பாட்டுத்தான். அதைப் படித்த டிரைடன், உறவினரான ஸ்விஃப்டிடம், நீ ஒருபோதும் கவிஞனாக மாட்டாய் என்று சொல்லிவிட்டாராம். இச்செய்தியைப் பதிந்தவர் சாமுவேல் ஜான்சன். புகழ்ந்து பாடிய பாட்டு ஸ்விஃப்டுக்குப் புகழ் தரவில்லை. பெயரின்றிப் பாடியவளுக்கோ அந்த இதழே அரங்காக அமைந்தது. காதல் கேள்வி கேட்க அமைத்த இடம் ஒரு பெண் கவிஞருக்கு வாசல் திறந்தது என்றால், பெயர் மறைப்பு கோழைத்தனம் மட்டுமன்று, அது ஒரு நிழலும் ஆகும் என்பது விளங்குகிறது. நிழல் இன்றி முளைக்காத செடிகளும் உண்டல்லவா?

1697-இல் அந்த இதழ் நின்றுவிட்டது. அது காட்டிய வழி நிற்கவில்லை. இரண்டு நூற்றாண்டு கடந்து, அதே வழி வேறொரு கண்டத்தில் மிகுந்த கருணையோடு மீண்டும் தோன்றியதைக் காண்போம்.

நியூயார்க் நகரம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கான யூதர்கள் அங்குக் குடியேறினார்கள். தையற்கூடங்களில் வேலை, நெருக்கமான குடியிருப்பு, இத்திஷ் மொழி. ஊரில் இருந்தவரை திருமணத்துக்குத் தரகர் உண்டு. ஐயத்துக்கு மதகுரு உண்டு. அழுவதற்குத் தாய் மடி உண்டு. கடல் கடந்து வந்தபின் இம்மூன்றும் இல்லை. 1897-இல் தொடங்கிய ‘ஃபோர்வர்ட்ஸ்’ என்ற இத்திஷ் நாளேட்டின் ஆசிரியர் ஆபிரகாம் கஹான். அவரும் 1882-இல் குடியேறியவரே, நாவலாசிரியரும் கூட. 1906-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் அவர் ‘பிண்டெல் பிரீஃப்’ என்ற பகுதியைத் தொடங்கினார். ‘ஒரு கட்டுக் கடிதங்கள்’ என்பது அதன் பொருள்.

கடிதங்கள் குவிந்தன. எழுதத் தெரியாதவர்கள் பிறரைக் கொண்டு எழுதுவித்தார்கள். வேற்று மதத்தவரை விரும்பிவிட்டேன், என்ன செய்வது? ஊரில் விட்டுவந்த மணமகளை அழைப்பதா, இங்கே கண்டவளை மணப்பதா? என் காதலர் நாத்திகர், என் தந்தை பக்திமான். திருமணத்தை எப்படி நடத்துவது? இவ்வகைச் சிக்கல்களுக்கு ஆசிரியர் சுருக்கமாக விடை சொன்னார். பெயர்கள் வெளியாகவில்லை. ஆனால் ஒரு கடிதம் வெளிவந்த அன்று, தையற்கூடத்தில் பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரும் அதைப் படித்திருப்பார். அது தம் கதைதான் என்றும் நினைத்திருப்பார். தனி ஒருவரின் வெட்கம் பலருடைய பேச்சுப் பொருளாயிற்று. அந்நிய நகரில் சிதறிக் கிடந்தவர்கள், ஒருவர் துன்பத்தை ஒருவர் படித்ததால் ஒரு சமூகமாயினர். அந்த நாளேட்டின் விற்பனை 1920-களில் நாள்தோறும் இரண்டு இலட்சம் படிகளைத் தாண்டியது. அந்த வளர்ச்சியில் இப்பகுதிக்கும் பெரும்பங்கு உண்டு.

அதே நாளேட்டில் வேறொரு பகுதியும் இருந்தது. மனைவி மக்களைக் கைவிட்டு ஓடிய கணவன்மார்களின் படங்களைப் பெயரோடும் ஊரோடும் வெளியிட்ட பகுதி அது. கடிதப் பகுதியில் பெயர் மறைப்பு. இந்தப் பகுதியில் பெயர் சுட்டல். இரண்டும் ஒரே தாளில்! முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் அகத்திணை கற்றவர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றாது. துன்புறுபவரின் காதல் அகம். அதற்குப் பெயர் வேண்டா. கைவிட்டு ஓடியவனின் செயல் அறத்தை மீறியது; அது புறத்துக்கு வந்துவிட்டது.

அவ்வாறு பெயரைச் சுட்டும்போதும் அவர்கள் மனம்போன போக்கில் சுட்டவில்லை என்பதுதான் முக்கியம். யூத அறநிலையங்களின் ஆதரவில் 1911-இல் அமைந்த கைவிடப்பட்டோர்க்கான தேசியச் செயலகம் வழக்குகளை ஏற்று விசாரித்தது, ஓடியவர்களைத் தேடியது. அதன் துணையோடு படங்கள் வெளியாயின. படத்துக்குப் பின்னால் முகவரியுள்ள, கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு இருந்தது.

இங்கே அகநானூற்றின் 256-ஆம் பாடல் என் நினைவுக்கு வருகிறது. கள்ளூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் சான்று கூறுவோரை வினவி உண்மையை அறிந்தார்கள். பின்னர் அவனை மரத்தில் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டினார்கள். இதில் இரண்டைக் கவனியுங்கள். அவை முதலில் வினவிற்று, பிறகே ஒறுத்தது. பாடிய புலவரும் ஊரின் பெயரைச் சொன்னாரேயன்றி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை.

கஹானின் காலத்துக்குப் பின் அமெரிக்க நாளேடுகளில் இவ்வகைப் பகுதி பெரிதும் பரவியது. சிகாகோவின் ‘சன் டைம்ஸ்’ ஏட்டில் ‘ஆன் லாண்டர்ஸ்’ என்ற புனைபெயரில் வந்த பகுதியை 1955-இல் எப்பி லெடரர் என்ற பெண்மணி ஏற்றார். மறு ஆண்டே அவருடைய இரட்டைச் சகோதரி சான் பிரான்சிஸ்கோவில் ‘டியர் அபி’ என்ற பகுதியைத் தொடங்கினார். லெடரரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தமக்குத் தெரியாத துறையில் கேள்வி வந்தால் அத்துறை வல்லுநரைக் கேட்டு எழுதுவார். தம் விடை தவறு என்று வாசகர் எழுதினால், அதனை ஏட்டிலேயே வெளியிட்டுத் தம் தவற்றை ஒப்புக்கொள்வார். புனைபெயர் முகத்தை மறைத்தது. கணக்குக் கொடுக்கும் கடமையை மறைக்கவில்லை. 2002-இல் அவர் மறையும்வரை அந்தப் பெயரின் பொறுப்பு அவர் ஒருவருடையதாகவே இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஆண்-பெண் இணையர் எவ்வாறு சந்தித்தனர் என்பது அதன் பொருள். 1995-இல் நண்பர்கள் வழியாகச் சந்தித்தவர்கள் நூற்றுக்கு 33 பேர். 2017-இல் அது 20 ஆகக் குறைந்துவிட்டது. அதே 2017-இல் இணையம் வழியாகச் சந்தித்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். இந்த எண்களை நான் ஒரு புள்ளிவிவரமாகப் பார்க்கவில்லை. தோழியின் இடம் காலியாகிவருவதைச் சொல்லும் செய்தியாகப் பார்க்கிறேன். நண்பர் வழியாக ஒருவரைச் சந்தித்தால், அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்க அந்த நண்பரே இருப்பார். முன்பின் அறியாத ஒருவரைத் திரையில் கண்டு பழகினால், அவரைப் பற்றி யாரைக் கேட்பது? அறிமுகம் செய்யும் தோழி போய்விட்டாள். ஆனால் அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் போகவில்லை. அக்கேள்விகளைச் சுமந்துகொண்டுதான் மக்கள் அயலாரின் அவைக்கு வருகிறார்கள். அந்த அவை இவ்வளவு பெருகியதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

இன்றைய அவைக்கும் டன்டனின் அவைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று கேட்பவர் பலர். விடை சொல்பவர் மூவர். இன்று கேட்பவர்களே விடை சொல்பவர்கள். நேற்றுக் காயம்பட்டு வந்தவர் இன்று இன்னொருவருக்கு மருந்து சொல்கிறார். இதில் பெரிய நன்மை இருக்கிறது. மேலிருந்து இறங்கிவரும் அறிவுரையைவிட, அதே வழியில் நடந்தவரின் சொல் நெஞ்சில் படியும். ‘உனக்கு மட்டும் நேர்ந்ததன்று’ என்ற ஒரு சொல் ஓர் இரவைத் தாங்கிப் பிடிக்கும். அடிபடுகிறவருக்கு அது அடி என்றே தெரியாதபோது, அதற்குப் பெயர் வைத்துக் காட்டுகிறவர்களும் இத்தகைய அயலாரே.

தீமையும் இருக்கிறது. கேட்பவர் தம் பக்கத்தை மட்டும் சொல்கிறார். மற்றவர் அந்த அவையில் இல்லை. விடை சொல்பவர் பலவேளைகளில் கேட்டவரின் காதலைப் பார்க்காமல் தம் பழைய காயத்தையே பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார். ‘விட்டுவிடு’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அதன்பின் வரும் இரவுகளுக்கு அவர் துணையிருக்க மாட்டார். கள்ளூர் அவையில் சான்று வினவும் வழக்கம் இருந்தது. இங்கே பல வேளைகளில் நீறு மட்டுமே தயாராக இருக்கிறது.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தாம் பழகும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வதற்காக அமெரிக்காவில் ‘டீ’ என்ற கைப்பேசிச் செயலி ஒன்று தோன்றியது. நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கது, அச்சம் உண்மையானது. உள்ளே வரும் பெண்களின் பெயர் மறைந்திருக்கும். அவர்கள் பேசும் ஆண்களின் முகம் வெளிப்பட்டிருக்கும். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதன் சேமிப்பிலிருந்து ஏறத்தாழ 72,000 படங்கள் வெளியே கசிந்தன. அவற்றுள் ஏறத்தாழ 13,000 படங்கள், தாம் பெண்கள்தாம் என்று மெய்ப்பிக்க அவர்கள் கொடுத்த முகப்படங்களும் அடையாள அட்டைகளும் ஆகும். ஆண்களுக்குத் தம் மீதான குற்றச்சாட்டை மறுக்க இடமில்லை. பெண்களுக்குத் தரப்பட்ட நிழலோ ஒரே நாளில் கலைந்தது. ஃபோர்வர்ட்ஸ் நாளேட்டின் படப் பகுதியையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே படத்துக்குப் பின்னால் விசாரணை இருந்தது. கடிதம் எழுதியவருக்கு நிழல் காப்பாற்றப்பட்டது. இங்கே அவ்விரண்டுமே தவறிப்போயின.

அன்பர்களே, இந்த வரலாற்றிலிருந்து நான் பெற்ற முடிவு ஒன்றே. காதலைப் பற்றி மனிதர் வாய் திறக்கப் பெயர் மறைப்பு தேவை. அது குற்றமன்று, கருணை. ஆனால் பெயரை மறைக்கலாமே தவிரப் பொறுப்பை மறைக்கலாகாது. டன்டனும் அவர் சகலையும் முகமூடி அணிந்திருந்தார்கள். ஆயினும் காப்பிக் கடைக்குச் சென்றால் அவர்களுக்குக் கடிதம் போய்ச் சேரும். கஹானின் பெயர் நாளேட்டில் இருந்தது. லெடரர் தம் பிழையை அச்சிட்டார். பொறுப்பு ஓரிடத்தில் தங்கியிருந்தவரை, பெயரில்லாதவர்களின் அவை தோழியின் வேலையை ஓரளவு செய்தது. பொறுப்பு எவரிடமும் தங்காதபோது அது அலர் தூற்றும் ஊராக மாறிவிடுகிறது. அகப்பாடல்களில் தோழியும் பேசுகிறாள், ஊரும் பேசுகிறது. இருவருடைய பேச்சும் காதலைப் பற்றியதுதான். ஒருத்தி கேட்டுவிட்டுப் பேசுகிறாள். மற்றது பேசிவிட்டுக் கேட்கிறது.

இதை ஏன் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் சொல்கிறேன்? நீங்களும் இவ்வகை அவையைத்தான் நடத்திவருகிறீர்கள். ஓர் இளைஞன் தன் முதல் கவிதையைக் கொண்டுவந்து இங்கே படிக்கும்போது, பலவேளைகளில் அவன் கேட்பது யாப்பைப் பற்றிய கருத்தை அன்று. பாட்டில் ஒரு ‘நீ’ இருக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. ‘என் துன்பம் பேசத் தக்கதுதானா?’ என்றுதான் அவன் கேட்கிறான். அப்போது ‘இதெல்லாம் பழைய சரக்கு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. அது ஊரின் வேலை. நின்று, முழுவதும் கேட்டு, எந்தச் சொல் உண்மை, எந்தச் சொல் இரவல் என்று பிரித்துச் சொல்லி, அடுத்த மாதமும் அவன் வருகிறானா என்று பார்த்திருப்பது கடினம். அது தோழியின் வேலை. எலிசபெத் சிங்கருக்கு அந்தச் சிறு தாள் கொடுத்தது பெரிய பரிசு எதுவும் அன்று; பெயர் கேட்காமல் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த பத்து ஆண்டுகளில் இவ்வட்டத்தில் உறுப்பினர் தொகை பெருகட்டும். அதைவிட, வாய் திறக்க அஞ்சி நிற்கும் ஒருவர் ‘இங்கே சொல்லலாம்’ என்று நம்பி நுழையும் இடமாக இது நிலைக்கட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.